சுத்தக் கிரயமும் மாதச் சந்தாவும்

பத்திரப் பதிவு வழக்கில் உள்ள ‘சுத்தக் கிரயம்’ என்ற சொல், விற்றவருக்கு எந்தப் பாத்தியதையும் மிச்சமில்லாமல் ஒரு சொத்து முழுவதுமாகக் கைமாறுவதைக் குறிக்கும். ஒளிப்படத் திருத்த மென்பொருள்கள் 2013ஆம் ஆண்டு வரை இவ்வாறு சுத்தக் கிரயமாக விற்கப்பட்டன என்றும், அதன் பின்னரே சந்தா என்னும் வாடகை முறை புகுந்தது என்றும் பரவலாக நம்பப்படுகிறது. இந்த நம்பிக்கையின் முற்பாதி தவறானது. பிற்பாதியும் முழுமையாகச் சரியன்று.

கணினித் தொழிலின் தொடக்க காலத்தில் வாடகையே பெருவழக்கு. ஐபிஎம் நிறுவனம் தன் இயந்திரங்களை விற்காமல் மாத வாடகைக்கே கொடுத்து வந்தது. அமெரிக்க அரசு தொடுத்த ஏகபோக வழக்கு 1956இல் சமரசத் தீர்ப்பாக முடிந்த பிறகுதான் அவற்றை விலைக்கும் விற்க அது உடன்பட்டது. நிரல்களுக்குத் தனி விலை இல்லை. அவை இயந்திரத்தோடு சேர்ந்தே வந்தன. 1969 ஜூனில் அந்நிறுவனம் மென்பொருளுக்குத் தனி விலை வைப்பதாக அறிவித்தபோது மென்பொருள் ஒரு சரக்காகியது என்றாலும், அந்தச் சரக்குக்கும் பெரும்பாலும் மாதக் கட்டணமே பெறப்பட்டது. மேசைக் கணினிகள் வீட்டுக்கும் சிறு கடைகளுக்கும் வந்தபின், வட்டுகளை அட்டைப்பெட்டியில் வைத்துக் கடையில் விற்கும் பழக்கம் உருவாயிற்று. பெட்டி கைக்கு வந்ததால் பொருளும் கைக்கு வந்துவிட்டது என்ற எண்ணம் வாங்கியவரிடம் வேரூன்றியது. ஆனால், உறையைப் பிரித்தாலே ஏற்றுக்கொண்டதாகக் கருதப்படும் ஒப்பந்தத் தாள் ஒன்று பெட்டிக்குள் இருந்தது. விற்கப்பட்டது மென்பொருள் அன்று, அதைப் பயன்படுத்தும் அனுமதியே, அதாவது உரிமமே என்று அத்தாள் சொல்லிற்று. கால வரம்பில்லாத அந்த அனுமதிக்கு நிரந்தர உரிமம் என்று பெயர்.

ஃபோட்டோஷாப்பின் பிறப்பே உரிமத்தோடு பின்னிப் பிணைந்தது. மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்ட மாணவராக இருந்த தாமஸ் நோல், கறுப்பு வெள்ளைப் புள்ளிகளை மட்டுமே காட்டக்கூடிய மேக்கிண்டாஷ் திரையில் சாம்பல் நிறப் படிநிலைகளைக் காட்டுவதற்காக 1987இல் ‘டிஸ்ப்ளே’ என்றொரு நிரலை எழுதினார். திரைப்படத் தந்திரக் காட்சிகளை உருவாக்கும் நிறுவனமொன்றில் பணியாற்றிய அவருடைய சகோதரர் ஜான் நோல் அதன் பயனைக் கண்டுகொள்ள, இருவரும் சேர்ந்து அதை முழுமையான படத்திருத்தக் கருவியாக வளர்த்தனர். பார்னிஸ்கேன் என்ற வருடிக் கருவியோடு சுமார் இருநூறு படிகள் வெளிவந்தன. 1988இல் அடோபி நிறுவனத்தோடு ஒப்பந்தம் ஏற்பட்டு, 1990 பிப்ரவரியில் முதற்பதிப்பு வெளியானது. இங்கே கவனிக்கத் தக்கது, சகோதரர்கள் நிரலை அடோபிக்கு விற்கவில்லை என்பதாகும். விற்பனையுரிமையை மட்டும் கொடுத்து, விற்கும் ஒவ்வொரு படிக்கும் ராயல்டி என்னும் பங்குத்தொகையைப் பெற்றனர். 1995இல்தான் அடோபி 3 கோடியே 45 லட்சம் டாலர் கொடுத்து எல்லா உரிமைகளையும் வாங்கியது. சுத்தக் கிரயம் என்று துணிந்து சொல்லத்தக்க கொடுக்கல் வாங்கல் இவ்வரலாற்றில் இது ஒன்றுதான் எனலாம். அதிலும் வாங்கியவர் பயனாளர் அல்லர்.

பெட்டியை வாங்கியவருக்கு அது சொந்தமா, இல்லையா என்ற கேள்வியை நீதிமன்றங்களும் ஒரே விதமாகத் தீர்க்கவில்லை. அடோபியின் தொகுப்புப் பெட்டிகளைப் பிரித்து உள்ளே இருந்த மென்பொருள்களைத் தனித்தனியாக விற்ற வணிக நிறுவனத்தின் வழக்கில், நடந்தது விற்பனையே என்று கலிபோர்னியாவின் கூட்டாட்சி நீதிமன்றம் ஒன்று 2001இல் கூறியது. வரைவு மென்பொருளான ஆட்டோகேட்டின் பயன்படுத்திய படிகளை மறுவிற்பனை செய்த வழக்கிலோ, அது உரிமமே, விற்பனை அன்று என்று அதே வட்டாரத்தின் மேல்முறையீட்டு நீதிமன்றம் 2010இல் தீர்ப்பளித்தது. இரண்டாண்டு கழித்து ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம், காலவரம்பின்றி உரிமம் கொடுத்தால் அது விற்பனைக்குச் சமம், வாங்கியவர் அதைப் பிறருக்கு விற்கலாம் என்று நேர்மாறாக முடிவு செய்தது.

சட்டம் எதுவாயினும், நடைமுறையில் பயனாளரின் கையில் உண்மையான அதிகாரம் ஒன்று இருந்தது: அடுத்த பணத்தை எப்போது கொடுப்பது என்பதை அவரே தீர்மானித்தார். ஃபோட்டோஷாப்பில் 2003 அக்டோபரில் வந்த சிஎஸ் பதிப்புக்கும் 2012 மேயில் வந்த சிஎஸ்6 பதிப்புக்கும் இடையே ஐந்து முறை புதுப்பதிப்புக்கு மாற வாய்ப்பிருந்தது. சராசரியாக இருபது மாதத்துக்கு ஒரு முறை. சிஎஸ்6 புதிதாக வாங்கினால் 699 டாலர், பழைய பதிப்பை வைத்திருப்போருக்கு 199 டாலர். ஒவ்வொரு பதிப்பையும் தவறாமல் இந்த விலைக்கு வாங்குபவருக்கு மாதத்துக்குச் சுமார் 10 டாலர் ஆகும். ஆனால் 2007இல் சிஎஸ்3 வாங்கி, இடையில் வந்த இரண்டு பதிப்புகளைத் தாண்டி நேராக சிஎஸ்6க்கு வந்தவருக்கும் அதே 199 டாலர்தான். ஐந்தாண்டுக்குப் பகிர்ந்தால் மாதத்துக்கு மூன்றரை டாலர்கூட இல்லை. இருக்கிற பதிப்பே போதும் என்று நிறுத்திக்கொண்டவருக்கு எதுவுமே இல்லை. தமிழகத்து ஸ்டுடியோக்கள் பலவற்றில் 2002இல் வந்த 7.0 பதிப்பு நெடுங்காலம் ஓடிக்கொண்டிருந்ததும் (பல இடங்களில் உரிமமில்லாத படியாக என்பது வேறு கதை) இந்தப் போதும் என்ற மனத்தால்தான்.

நிறுவனத்துக்கு இந்த நிலை உவப்பாக இல்லை. சிஎஸ்6 வரும்போது, நேர் முந்தைய பதிப்பை வைத்திருப்போருக்கு மட்டுமே சலுகை விலை என்று 2011 நவம்பரில் அடோபி அறிவித்தது. ஒளிப்படக்காரர்களிடையே பெயர் பெற்ற ஆசிரியரான ஸ்காட் கெல்பி வெளிப்படையான கடிதம் எழுதிக் கண்டித்தார். நிறுவனம் இறங்கிவந்து, சிஎஸ்3, சிஎஸ்4 வைத்திருப்போருக்கும் 2012 இறுதிவரை சலுகை நீடிக்கும் என்றது. 2012 மே மாதத்தில் எல்லா மென்பொருள்களையும் மாதம் 49.99 டாலருக்குத் தரும் கிரியேட்டிவ் கிளவுட் தொடங்கியது; அப்போது பெட்டியும் சந்தாவும் அருகருகே இருந்தன. ஏறத்தாழ ஓராண்டு கழித்து, 2013 மே 6ஆம் நாள், இனிப் பெட்டி இல்லை, புதிய பதிப்புகள் சந்தாவில் மட்டுமே என்று அறிவிக்கப்பட்டது. எதிர்ப்பு மனுவில் பல்லாயிரவர் கையொப்பமிட்டனர். அவ்வாண்டு செப்டம்பரில் ஃபோட்டோஷாப்பையும், ஒளிப்படங்களை ஒழுங்குபடுத்தித் திருத்தும் லைட்ரூமையும் சேர்த்து மாதம் 9.99 டாலருக்குத் தரும் ஒளிப்படத் திட்டம் வெளிவந்தது. ஒவ்வொரு பதிப்பையும் விடாமல் வாங்கியவரின் மாதச் செலவும் இந்தத் தொகையும் ஏறக்குறைய ஒன்றே என்பதைக் கவனித்தால், எவருடைய கணக்கு இடம் மாறிற்று என்பது விளங்கும். விடாமல் வாங்கியவர் எதையும் இழக்கவில்லை, லைட்ரூமைக் கூடுதலாகப் பெற்றார் என்றுகூடச் சொல்லலாம். புதிதாக நுழைபவருக்கும் 699 டாலர் என்ற மதில் விலகியது. தாண்டித் தாண்டி வாங்கிய சிக்கனக்காரருக்கும், போதும் என்று நின்றவருக்குமே வழி அடைபட்டது.

நிறுவனத்தின் ஆண்டு வருவாய் 2012இல் 440 கோடி டாலராக இருந்து மறு ஆண்டு 406 கோடியாக இறங்கியது. பின்னர் ஏறத் தொடங்கி 2019இல் 1,100 கோடியைத் தாண்டி, 2023இல் 1,941 கோடியாயிற்று. இவ்வளர்ச்சியில் வேறு தொழில்களின் பங்கும் உண்டென்பதால் முழுவதையும் சந்தாவின் கணக்கில் எழுதிவிட முடியாது.

நிரந்தர உரிமம் பெற்றவர்களின் சொத்தும் பெயருக்கேற்ப நிரந்தரமாக இருக்கவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். சிஎஸ் காலத்திலிருந்து, நிறுவிய மென்பொருள் இணையவழியாகவோ தொலைபேசிவழியாகவோ நிறுவனத்திடம் ஒப்புதல் பெற்ற பின்னரே இயங்கும் ‘ஆக்டிவேஷன்’ முறை வந்திருந்தது; சிஎஸ்2 பதிப்புக்கு ஒப்புதல் தரும் சர்வர்கள் 2012 டிசம்பரில் நிறுத்தப்பட்டதால், ஒப்புதலே தேவைப்படாத மாற்றுப் படியை நிறுவனம் தர நேர்ந்தது. கேமராவின் உணரி பதிவு செய்யும் மூலத் தரவான ‘ரா’ கோப்புகள் ஒவ்வொரு கேமராவுக்கும் வேறுபடுவதால், புதிய கேமராக்களை அறியும் திறனைத் தொடர்ந்து ஊட்ட வேண்டும். சிஎஸ்6க்கு அந்த ஊட்டம் 2015இல் நின்றது. தனித்து விற்கப்பட்ட கடைசி லைட்ரூமான ஆறாம் பதிப்பில் (2015, 149 டாலர்), படம் எடுத்த இடத்தைக் காட்டும் வரைபடப் பகுதி 2018 இறுதியில் இயங்காமல் போயிற்று.

மாற்று வழிகளின் வரலாறும் இதே கேள்வியைச் சுற்றியே வருகிறது. பெர்க்லியில் இரண்டு மாணவர்கள் 1995இல் தொடங்கிய கிம்ப், திரும்பப் பெறமுடியாத கட்டற்ற உரிமத்தோடு இன்றும் வளர்கிறது. இங்கிலாந்தின் செரிஃப் நிறுவனம் ஐம்பது டாலர் அளவிலான விலையில், சந்தா இல்லை என்பதையே விளம்பரமாக்கி 2015இல் அஃபினிட்டி ஃபோட்டோவைக் கொண்டுவந்தது; 2024இல் அந்நிறுவனத்தைச் சந்தாவில் தழைத்த வடிவமைப்பு நிறுவனமான கேன்வா வாங்கியது; மறு ஆண்டு அக்டோபரில் அஃபினிட்டி, கேன்வா கணக்கோடு விலையின்றிக் கிடைக்கும் மென்பொருளாக மாறி, செயற்கை நுண்ணறிவு வசதிகளுக்கு மட்டும் சந்தா கேட்டது. அடோபியில் எஞ்சியிருந்த ஒரு முறை விற்பனையான ஃபோட்டோஷாப் எலிமென்ட்ஸும் 2024 இலையுதிர்காலத்தில் மூன்றாண்டு உரிமமாகச் சுருங்கியது. ஆண்டு ஒப்பந்தத்தை மாதத் தவணையில் செலுத்துவோர் இடையில் விலகினால் கட்ட வேண்டிய தண்டத்தொகையைப் போதிய வெளிச்சத்தில் காட்டவில்லை என்று அமெரிக்கக் கூட்டாட்சி வணிக ஆணையத்தின் சார்பில் 2024 ஜூனில் அடோபி மீது வழக்குத் தொடரப்பட்டது.

பெட்டி விற்பனைக்கு முடிவு அறிவிக்கப்பட்ட அதே 2013ஆம் ஆண்டின் பிப்ரவரியில், ஃபோட்டோஷாப் முதற்பதிப்பின் மூல நிரல், சுமார் 1,28,000 வரிகள், கலிபோர்னியாவின் கணினி வரலாற்று அருங்காட்சியகத்தின் வழியாகப் பொதுப் பார்வைக்கு வைக்கப்பட்டது. அதைப் பதிவிறக்க விரும்புவோர் முதலில் ஓர் உரிம ஒப்பந்தத்தை ஏற்க வேண்டும். வணிகத்துக்குப் பயன்படுத்தவோ பிறருக்குக் கொடுக்கவோ அந்த ஒப்பந்தம் அனுமதிக்கவில்லை.