கொதிகலன் ஏற்றிய வாடகை

நியூயார்க் நகரின் 1969ஆம் ஆண்டு வாடகை நிலைப்படுத்தல் சட்டத்தைக் குடியிருப்போரின் கவசமென்றே நாம் எண்ணி வந்திருக்கிறோம். அக்கவசத்தில் ஒரு துளை இருந்தது. நிலவறையில் கிடக்கும் பழைய கொதிகலனை (பனிக்காலத்தில் கட்டடம் முழுவதையும் சூடேற்றுவது அதுதான்) மாற்றும் உரிமையாளர், மாநில அரசின் ஒப்புதலோடு அச்செலவை வாடகையில் ஏற்றலாம். ஏற்றாவிட்டால் யார்தான் மாற்றுவார் என்ற அவர்கள் வாதம் பொய்யன்று. ஆனால் கணக்கைப் பாருங்கள்: 2015க்கு முன் பல்லாண்டுகள், செலவை 84 மாதங்களுக்குப் பகுத்தே வாடகையில் சேர்த்தார்கள். எட்டாம் ஆண்டில் வாடகை இறங்கியதா? இல்லை. முதல் திரும்பிய பிறகும் ஏற்றம் நிரந்தரமாய் நின்றது. அடுத்த கொதிகலனுக்கான ஏற்றம் அதன்மேல் அமர்ந்தது. 2019இல்தான் மாநிலச் சட்டமன்றம், ஆண்டுக்கு 6 விழுக்காடாயிருந்த உச்சவரம்பை 2 ஆக்கி, முப்பதாண்டு கழிந்தால் ஏற்றத்தை நீக்க வேண்டுமென்றது. அதற்குள் அந்தக் கொதிகலன் பழைய இரும்புக்குப் போயிருக்கவும் கூடும்.