காடி பிறந்த கதை

மரக்காணம் பக்கத்தில் வளர்ந்த பிள்ளைக்கு முதல் வாகனம் நுங்கு வண்டிதான். நோண்டித் தின்ற பனங்காய் இரண்டு, நடுவில் ஒரு குச்சி, தள்ளுவதற்கு ஒரு கவட்டைக் கம்பு. எஞ்சின் நம் கால். திருப்புவது முழுக்க நம் கை. உப்பளத்து வரப்பில் ஒரு சாண் பிசகினால் வண்டி பாத்திக்குள் போய்விடும். பிறகு உப்பு வாருகிறவர் நம் பரம்பரையையே விசாரிப்பார்.

ஸ்லாட் கார் என்ற மின்சாரப் பொம்மைக் கார் இதற்கு நேர் தலைகீழ். திருப்பும் வேலையே கிடையாது. பாதையில் ஒரு காடி வெட்டியிருக்கும். தச்சர் பலகையில் அடிக்கிறாரே, அதே காடிதான். காரின் மூக்குக்கு அடியில் இருக்கும் சின்ன நாக்கு அதற்குள் இறங்கிக்கொள்ளும். காடி எங்கே போகிறதோ அங்கேதான் கார் போகும். உங்கள் விரலுக்கு மிச்சம் இருப்பது வேகம் மட்டும். இதில் என்ன விளையாட்டு என்று நானும் முதலில் கேட்டேன். வளைவில் கார் பறந்துபோய்ச் சுவரில் மோதிய பிறகு கேட்கவில்லை.

மின்சாரத்தில் ஓடும் பொம்மைக் கார் புதிதல்ல. 1912இலேயே அமெரிக்காவின் லயனல் கம்பெனி விற்றது. ரயில் பொம்மை செய்தவர்கள் என்பதால் காரையும் தண்டவாளத்தில் ஏற்றிவிட்டார்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பின் பிரிட்டனில் மன்றம் அமைத்து மாதிரிக் கார் ஓட்டியவர்களும் பாதைக்கு மேலே துருத்தி நிற்கும் கம்பியைத்தான் நம்பினார்கள். கம்பி தெரிந்தால் அது சாலை ஆகாது, ரயில்பாதைதான்.

மேலே நின்றதைக் கீழே இறக்கியதுதான் ஸ்லாட் காரின் பிறப்பு. அதை வீட்டுக்கு வீடு கொண்டுசேர்த்தவர் ஃப்ரெட் ஃபிரான்சிஸ் என்ற ஆங்கிலேயர். அச்சுக்கருவி செய்யும் தொழிலாளி. மினிமாடல்ஸ் என்ற பெயரில் பட்டறை வைத்து, 1952இல் ஸ்கேலெக்ஸ் என்ற தகரக் கார்களை விற்றார். தரையில் அழுத்திப் பின்னால் இழுத்தால் உள்ளே சுருள் முறுக்கேறும்; விட்டால் ஓடும். சில வருடம் நன்றாகப் போனது, பிறகு விற்பனை படுத்தது. முடுக்கிவிட்ட கார் ஒரு முறை ஓடி நின்றதும் பிள்ளைக்கு அலுத்துவிடுகிறது. ஒரு பொம்மைக் கண்காட்சியில் மின்சாரக் கார்கள் தாமாகச் சுற்றிச் சுற்றி ஓடுவதைப் பார்த்த ஃபிரான்சிஸுக்கு வேறொரு குறை பட்டது: பார்க்கிறவருக்கு அங்கே வேலையே இல்லை.

தன் தகரக் காருக்குள் மோட்டாரை வைத்தார். ரப்பரில் வார்த்த பாதையில் காடி இழுத்தார். காடியின் இரு பக்கமும் உலோகப் பட்டை பதித்து, ஒவ்வொரு காடிக்கும் தனித்தனியாக மின்சாரம் கொடுத்தார். இரண்டு பேர், இரண்டு பொத்தான். ஸ்கேலெக்ஸோடு எலெக்ட்ரிக் சேர்ந்து ஸ்கேலெக்ஸ்ட்ரிக் ஆனது. 1957 ஜனவரியில் ஹாரோகேட் பொம்மைக் கண்காட்சியில் வைத்தார். கேட்டு வந்த கூட்டத்துக்குச் செய்துகொடுக்க அவர் பட்டறையால் முடியவில்லை. மறு வருடமே லைன்ஸ் பிரதர்ஸ் என்ற பெரிய பொம்மைக் கம்பெனிக்கு விற்றுவிட்டார். 1960இல் தகரம் போய் பிளாஸ்டிக் வந்தது.

ஸ்பெயின்காரர்கள் இந்தப் பெயரை வீட்டோடு நிறுத்தவில்லை. மாட்ரிட் நகரில் அட்டோச்சா நிலையத்தருகே 1968இல் எழுந்த சிக்கலான மேம்பாலத்துக்கே ஸ்கேலெக்ஸ்ட்ரிக் என்று பெயர் வைத்துவிட்டார்கள். பாலத்தை எண்பதுகளில் இடித்தும் பெயர் போகவில்லை. நம் கத்திப்பாரா மேம்பாலத்துக்கு இப்படி ஒரு பெயர் தோன்றாதது எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

வேலை செய்யும் விதம் எளிது. நாக்கின் இரு பக்கமும் செம்புக் கம்பிப் பின்னல் தொங்கும். அது பட்டைகளை உரசிக்கொண்டே போகும். 12 வோல்ட் நேர்மின்சாரம் அந்த வழியாக மோட்டாருக்குப் போகிறது. முதலில் வந்தது அழுத்தினால் ஓடும், விட்டால் நிற்கும் பொத்தான். கூட்டிக் குறைக்கும் கைப்பிடி பிற்பாடு வந்தது, ஆட்டம் அப்போதுதான் ஆட்டமானது. விசையை முழுக்க விட்டால் நல்ல கைப்பிடியில் மோட்டாரின் இரு முனையும் ஒன்று சேரும். சுற்றிக்கொண்டிருக்கும் மோட்டார் தானே மின்சாரம் செய்து தன்னையே இழுத்துப் பிடிக்கும். அதுதான் பிரேக். நேர்பாதையில் எவரும் வேகமாகப் போகலாம். எந்த இடத்தில் விரலை விடுவது என்று தெரிந்தவர்தான் ஜெயிப்பார்.

ஸ்லாட் கார் சேகரிப்பவர்கள் வழக்கமாகத் தேடுவது லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தின் பழைய கார்களின் மாதிரிகளை. 1966 முதல் 1969 வரை தொடர்ந்து வென்ற ஃபோர்ட் ஜிடி40, அடுத்த இரண்டு வருடம் வென்ற போர்ஷே 917, அதற்கு ஈடு கொடுத்த ஃபெராரி 512. அழகு மட்டும் காரணமல்ல. இவை அகலம், தாழ்வு. சக்கரம் உடலுக்குள் ஒளிந்திருக்கும். காடியில் எளிதில் குடை சாயாது, மோதினாலும் ஒடிந்து தொங்க ஒன்றுமில்லை. ஸ்பெயினின் ஃப்ளை, இத்தாலியின் ஸ்லாட் இட், என்எஸ்ஆர் ஆகிய கம்பெனிகள் இவற்றை 32இல் ஒரு பங்காகச் செய்து தந்தன. கார் உள்ளங்கை நீளம். அச்சு ஒன்றுதான், வண்ணம் மட்டும் ஒவ்வொரு பந்தயத்துக்கும் வேறு. அதனால் ஒருவரிடமே பதினைந்து 917 இருக்கும். வீட்டில் கேட்டால் எல்லாம் வேறு வேறு கார் என்பார்.

வெளிர்நீலத்தில் ஆரஞ்சுக் கோடு போட்ட கல்ஃப் 917க்குத்தான் மவுசு அதிகம். அது லெ மானில் ஜெயித்ததே இல்லை. 1970இல் வென்றது சிவப்பு வெள்ளைக் கார், 1971இல் மார்ட்டினி கோடு போட்ட கார். கல்ஃப் கார் ஜெயித்தது ஸ்டீவ் மெக்குவீன் நடித்த 'லெ மான்' படத்தில். சினிமா போட்ட வண்ணம் என்றால் நமக்கு மட்டுமா மயக்கம்?

1971இல் வென்ற அந்தக் கார் 24 மணி நேரத்தில் 5,335 கி.மீ. ஓடியது, 2010 வரை எவரும் அதைத் தாண்டவில்லை. எடை குறைய அதன் எலும்புக்கூட்டை மெக்னீசியத்தில் செய்திருந்தார்கள். எங்கள் ஊருக்கு மெக்னீசியம் அந்நியமில்லை. உப்பு வாரியபின் பாத்தியில் தங்கும் கசப்புத் தண்ணீரில் இருப்பது அதன் உப்புகள்தான். மழைக்காலத்தில் அடுக்களை உப்பு கசிந்து ஒழுகுவதற்கும் அதுவே காரணம்.

அப்போதைய லெ மான் சுற்று 13.469 கி.மீ. அதை 32ஆல் வகுத்தால் சுமார் 421 மீட்டர். எந்த வீட்டு மாடியும் கொள்ளாது. ஆனால் மரக்காணத்தில் பாத்திகளைச் சுற்றிவரும் வரப்புகளில் கொள்ளும். அந்த வரப்பைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்தக் கணக்கு வந்துவிடுகிறது. உப்புக்காரர்கள் விடமாட்டார்கள், விடவும் கூடாது.

நிஜக் கார் நம் பக்கத்திலும் ஓடியதுதான். 1953இல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப், போர்க்காலத்து விமான ஓடுதளம் ஒன்று கிடந்த சோழவரத்தில் பல ஆண்டுகள் பந்தயம் நடத்தியது. பிறகு இருங்காட்டுக்கோட்டையில் தனிப் பாதை வந்தது. அந்தக் கிளப்பைத் தொடங்கியவர்களில் ஒருவர் இந்து சந்தோக். அவர் பேரன், சென்னைக்காரர் கருண் சந்தோக், 2012இல் லெ மானில் ஓட்டிய முதல் இந்தியர் ஆனார். அவர் அணியின் கார் மொத்தத்தில் 6ஆவது இடம் பிடித்தது.

கடைசியாகக் கடற்கரை ஊர்க்காரர்களுக்கு ஒரு வார்த்தை. இந்த விளையாட்டுக்கு எதிரி உப்புக்காற்று. என் முதல் பாதையின் இரும்புப் பட்டைகள் ஒரே ஐப்பசியில் துருவேறி, கார் விக்கி விக்கி ஓடியது. துருவைப் போக்க உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன். மேல்பூச்சு போய்விட்டது, அடுத்த மாதம் துரு இரட்டிப்பாக வந்தது. நீங்கள் அதைச் செய்யாதீர்கள். ஆடி முடித்ததும் உலர்ந்த துணியால் பட்டைகளைத் துடையுங்கள், செம்புப் பின்னல் கறுத்தால் மாற்றுங்கள், வடகிழக்குப் பருவமழைக்கு முன்னே பாதையைக் கழற்றி மூடி போட்ட டப்பாவில் வைத்துவிடுங்கள். மரப்பலகையில் காடி வெட்டிச் செய்த பாதை என்றால் அடியிலும் பெயின்ட் அடியுங்கள். ஈரம் முதலில் அங்கிருந்துதான் ஏறும்.