ஞானப்பல்லும் 25 நிமிஷ எக்ஸ்ரேயும்

போன மாசம் கீழ்வரிசைக் கடைசிப் பல் வேலையைக் காட்டிடுச்சு. பேருதான் ஞானப்பல். நமக்கு வந்தது வீக்கமும் வலியும் மட்டுமே. பிடுங்கறதா, வேர் சிகிச்சை செஞ்சு வச்சுக்கறதான்னு முடிவு பண்ண ஒரு ஸ்கேன் எடுக்கச் சொன்னார் டாக்டர். மெஷின் தலையைச் சுத்தி வந்துச்சு. அரை நிமிஷம்கூட ஆகலை. இது எங்கேர்ந்து ஆரம்பிச்ச கதைன்னு வீட்டுக்கு வந்து தோண்டினதில்தான் இந்தப் பதிவு.

1895 நவம்பரில் ஜெர்மனியின் வூர்ட்ஸ்பர்க்கில் எக்ஸ் கதிரைக் கண்டுபிடிச்சார் ராண்ட்கன். 1896 ஜனவரியிலேயே பிரவுன்ஷ்வைக் நகரத்துப் பல் மருத்துவர் ஓட்டோ வால்காஃப், போட்டோ தகட்டைக் கறுப்புத் தாளில் சுத்தி வாய்க்குள்ள வச்சு, தன் பல்லையே படம் எடுத்துட்டார். 25 நிமிஷம் அசையாம இருந்தாராம். எச்சில் முழுங்காம எப்படி இருந்தார்னு தெரியலை!

அமெரிக்காவில் நியூ ஆர்லியன்ஸ் எட்மண்ட் கெல்ஸ் கதைதான் மனசைப் பிசையுது. 1896-லிருந்து நோயாளிகளுக்குப் படம் எடுத்தவர். பல்லோட வேர்க்குழாயில் ஈயக் கம்பியை நுழைச்சுப் படம் எடுத்து, குழாய் எவ்வளவு நீளம்னு 1899-லேயே பார்த்தார். கதிர் சரியா வருதான்னு சோதிக்க அப்பல்லாம் சொந்தக் கையைத்தான் குறுக்கே நீட்டுவாங்க. அந்தக் கையில புற்று வந்துச்சு. முதல்ல விரல்கள், அப்புறம் கை, அப்புறம் தோள்வரைக்கும் வெட்டி எடுத்தாங்க. 1928-ல் தன்னையே சுட்டுக்கிட்டார். என்னைப் படம் எடுத்த பொண்ணு பட்டனை அமுக்க அறைக்கு வெளியே போய் நின்னப்போ, 'எதுக்கு இவ்ளோ பந்தா'ன்னு நினைச்சிருந்தேன். கெல்ஸைப் படிச்சதும் வெட்கமாப் போச்சு.

வேர்க்குழாய் ஒரே நேர்கோடு கிடையாதுன்னு ஊருக்கே காட்டினவர் சுவிட்சர்லாந்தின் வால்டர் ஹெஸ். பிடுங்கின பல்லுக்குள்ள ரப்பரைச் செலுத்தி, இறுக வச்சு, அப்புறம் பல்லையே கரைச்சுட்டார். மிஞ்சினது உள்குழாயோட அச்சு. கிளையும் இணைப்புமா மரத்து வேர் மாதிரி. 1917-ல் இதை வெளியிட்டார். ஆனா இதுக்குப் பல் கையில இருக்கணும், வாயில இல்லை.

வாயில இருக்கற பல்லுக்குத் தட்டையான படம்தான் கதி. ஞானப்பல்லுக்கு அது போதாது. வேர்கள் ஒட்டியிருக்கும், வளைஞ்சிருக்கும், சிலருக்குக் குழாய் 'சி' எழுத்து மாதிரி இருக்கும். கீழ்த்தாடை நரம்பு வேற பக்கத்திலேயே ஓடும். படத்தில் ரெண்டும் ஒண்ணு மேல ஒண்ணா விழும். நரம்பு நாக்குப் பக்கமா, கன்னத்துப் பக்கமான்னு தெரியாது. அதில் அடிபட்டா உதடும் தாடையும் மரத்துப் போகலாம்.

இதுக்கு வழி பண்ணினது கோன் பீம் சிடி. இத்தாலியின் வெரோனாவில் மோட்ஸோவும் கூட்டாளிகளும் அந்த மெஷினைப் பத்தி 1998-ல் கட்டுரை வெளியிட்டாங்க. கூம்பு மாதிரி விரியற கதிர் ஒரு சுத்து வந்தாப் போதும், முப்பரிமாணப் படம் ரெடி.

என் கதை? ரெண்டு வேரும் நுனியில் ஒட்டிக்கிட்டு, கொக்கி மாதிரி வளைஞ்சிருக்கு. நரம்பு கொஞ்சம் தள்ளித்தான் போகுதாம். அந்தக் கொக்கிக்குள்ள ஊசி நுழைக்கறது வீண் வேலைன்னார் டாக்டர். பிடுங்கிடலாம்னு சொல்லிட்டேன், வெள்ளிக்கிழமை காலையில.

டிஸ்கி: ரெண்டு நாளைக்குக் கஞ்சிதான். பிரியாணிப் பதிவு போட்டு வெறுப்பேத்தாதீங்க மக்களே.