தஞ்சாவூர் நெல்லும் பிகட் பிரபுவும்

சென்ற வாரம், 1773 செப்டம்பரில் தஞ்சைக் கோட்டை விழுந்த இடத்தில் நிறுத்தியிருந்தோம். ஆர்க்காட்டு நவாப் முகமது அலிக்காகக் கம்பெனிப் பட்டாளம் பிடித்துக் கொடுத்த கோட்டை அது. மராட்டிய மன்னர் துளஜா சிறைப்பட்டார். காவிரிக் கழனிகளின் வெள்ளாமை நவாப் கைக்குப் போயிற்று. இந்த அநியாயத்தை இலண்டன் ஒப்புக்கொள்ளவில்லை. தஞ்சையை மன்னரிடமே திருப்பிக் கொடு என்ற உத்தரவோடு 1775 டிசம்பரில் சென்னையில் கவர்னராக வந்து இறங்கினார் ஜார்ஜ் பிகட் பிரபு.

சென்னை அவருக்குப் புது ஊர் அல்ல. பதினெட்டு வயதில் கம்பெனியின் ரைட்டராக இங்கே வந்தவர், 1755-ல் கவர்னர் ஆனார். 1758 டிசம்பரில் பிரெஞ்சுத் தளபதி லாலி ஜார்ஜ் கோட்டையை வளைத்தபோது, கப்பல்கள் உதவிக்கு வரும்வரை இரண்டு மாதம் தாக்குப்பிடித்தார். 1761 ஜனவரியில் புதுச்சேரி சரணடைந்தது. பிடித்த ஊர் அரசருக்கா, கம்பெனிக்கா என்று வழக்கு எழுந்தது. 'கம்பெனியிடம் ஒப்படைக்காவிட்டால் படைச் செலவுக்குப் பணம் தரமாட்டேன்' என்று நின்றார் பிகட். அரசரின் தளபதிகள் வேறு வழியில்லாமல் இணங்கினார்கள். பிடித்தால் விடாத இந்தக் குணத்தை நினைவில் வையுங்கள். பின்னால் அதுதான் அவரைச் சாய்த்தது.

1763-ல் ஊர் திரும்பும்போது அவர் பெரும் பணக்காரர். பின்னாளில் அவர் பெயராலேயே புகழ்பெற்ற வைரமும் அவரிடம் இருந்தது. ஸ்டாஃபர்ட்ஷயரில் பாட்ஷல் என்ற பண்ணையை 1,00,000 பவுனுக்கு வாங்கினார். 1766-ல் அயர்லாந்துப் பிரபுப் பட்டம் கிடைத்தது. அயர்லாந்துப் பட்டம் பெற்றவர் பிரிட்டனின் காமன்ஸ் சபையில் உறுப்பினராக இருக்கலாம் என்பதால், பிரபுவான பிறகும் எம்.பி.யாகவே நீடித்தார். முதலில் வாலிங்ஃபர்ட், பிறகு பிரிட்ஜ்நார்த். அந்தப் பணமெல்லாம் இந்த மண்ணில் சேர்த்தது. அவரைத் தூய மனிதராகக் காட்ட எனக்கு விருப்பமில்லை.

ஆனால் தஞ்சாவூர் விஷயத்தில் அவருக்குச் சொந்தமாக ஒரு கடமை இருந்தது. நவாபுக்கும் தஞ்சை மன்னருக்கும் 1762-ல் உடன்படிக்கை செய்து வைத்தவர் அவரே. 1773-ல் கம்பெனிப் படை உடைத்தது அவர் கொடுத்த வாக்கை. ஆகவே 1776 ஏப்ரலில் தாமே தஞ்சைக்குப் போய், துளஜாவை மறுபடி அரியணையில் அமர்த்தினார்.

உடனே பால் பென்ஃபீல்டு எழுந்தார். கட்டட வேலைக்கென்று வந்த கம்பெனி உத்தியோகஸ்தர். சம்பளம் ஆண்டுக்குச் சில நூறு பவுன்தான். அவர் கேட்டதோ சுமார் 2,34,000 பவுன்! நவாபுக்கும் தஞ்சைச் சீமைக்காரர்களுக்கும் கடன் கொடுத்திருப்பதாகவும், அதற்கு ஈடாகத் தஞ்சை வருவாயும் வயலில் நிற்கும் பயிரும் தமக்கு எழுதிக் கொடுக்கப்பட்டிருப்பதாகவும் சொன்னார். நவாபின் கடன் நடந்த விதமே இதுதான். கம்பெனிக்கு அவர் கட்டவேண்டிய பணத்தைக் கம்பெனியின் ஊழியர்களே கொழுத்த வட்டிக்குத் தருவார்கள். அதற்கு ஒரு சீமையின் வரியை எழுதி வாங்கிக்கொள்வார்கள். கவர்னரின் சபையிலேயே பலருக்கு அந்தக் கடன்களில் பங்கு இருந்தது. முதலில் பென்ஃபீல்டின் கோரிக்கையைத் தள்ளிய சபை, பிறகு மனம் மாறி ஏற்றது. பிகட் இணங்கவில்லை. நாற்று நட்டவனும் களத்தில் நெல் தூற்றியவனும் அந்த வாதத்தில் எந்தப் பக்கத்திலும் இல்லை. இந்த வரலாற்றைப் படிக்கும்போதெல்லாம் என் நெஞ்சு கனப்பது இங்கேதான்.

தஞ்சையில் யார் அதிகாரம் செலுத்துவது என்பதில் மோதல் முற்றியது. பிகட் தம் ஆளான ரஸ்ஸலை அனுப்ப நினைத்தார். எதிரணி கர்னல் ஜேம்ஸ் ஸ்டூவர்ட்டை அனுப்ப நினைத்தது. பெரும்பான்மை எதிரணிக்கே. அப்போது பிகட் ஒரு வேலை செய்தார். ஸ்டிராட்டன், புரூக் என்ற இரு உறுப்பினர்கள்மேல் குற்றம் சாட்டினார். குற்றம் சாட்டப்பட்டவர் வாக்களிக்க முடியாது. இரண்டு கை குறைந்ததும் வாக்கு சமமாக, தலைவருக்குரிய கூடுதல் வாக்கைப் போட்டு இருவரையும் இடைநீக்கினார். அவர் நோக்கம் நியாயம். இந்த வழி நியாயம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எதிரணியினர் தனியே கூடி, அரசு தங்களுடையதே என்று அறிவித்தார்கள்.

1776 ஆகஸ்ட் 24. அன்று பகலெல்லாம் ஸ்டூவர்ட் பிகட்டுடனேயே இருந்தார். அவரோடு ஒரே பந்தியில் சாப்பிட்டார். மாலையில் பிகட் கோட்டையிலிருந்து தோட்ட மாளிகைக்கு, அதாவது இன்றைய ஓமந்தூரார் தோட்டத்துக்குக் கிளம்பியபோது வண்டியில் பக்கத்திலேயே ஏறி உட்கார்ந்தார். தீவுத்திடல் பாதையில் சிப்பாய்கள் மறித்தார்கள். இறங்கச் சொன்னவர் பக்கத்தில் இருந்த ஸ்டூவர்ட்தான். உப்பிட்ட கையை மறந்த அந்த மாலையில், சென்னையின் கவர்னர் தம் சொந்தப் படையாலேயே கைதாகிப் பரங்கிமலைக்குக் கொண்டுபோகப்பட்டார்.

எட்டு மாதத்துக்கு மேல் காவல். உடல் தளர்ந்தது. கடைசி நாள்களில் தோட்ட மாளிகைக்கு மாற்றினார்கள். 1777 மே 11-ல் அங்கேயே இறந்தார். மரண விசாரணை நடத்திய ஜூரிகள் அதைக் கொலை என்றார்கள். அந்தத் தீர்ப்பு நிற்கவில்லை. அவரை மறுபடி பதவியில் அமர்த்தும் உத்தரவு இலண்டனிலிருந்து கப்பலில் வந்து சேர்ந்தபோது அவர் உயிரோடு இல்லை.

தம்பி அட்மிரல் ஹியூ பிகட் சும்மா இருக்கவில்லை. 1779-ல் காமன்ஸ் சபையில் வழக்கைக் கிளப்பினார். ஸ்டிராட்டன் உள்ளிட்ட நால்வர் குற்றவாளிகள் என்று இலண்டன் நீதிமன்றம் தீர்த்தது. தண்டனை ஆளுக்கு 1,000 பவுன் அபராதம். சிறை இல்லை. ஸ்டூவர்ட்டை இராணுவ நீதிமன்றம் விடுவித்தது. 1783-ல் சென்னையில் இன்னொரு கவர்னர், மெக்கார்ட்னி பிரபு, அதே ஸ்டூவர்ட்டைக் கைது செய்து இங்கிலாந்துக்குக் கப்பலேற்றினார். அதை அடுத்த வாரம் பார்ப்போம்.

பென்ஃபீல்டு? 1780-ல் அவரும் காமன்ஸ் சபைக்குள் எம்.பி.யாக நுழைந்தார்.

(தொடரும்)