பெயர் மாறாமல் பொருள் மாறும்போது: குரோமாக்ஸ் மென்பொருளில் அளவுருப் பெயர்களின் வரலாறு

மூலக்கூறு இயக்கவியல் கணக்கீடு ஒன்றைத் திரும்பச் செய்து பார்க்க விரும்புபவருக்கு முதலில் தேவைப்படுவது அதன் அளவுருக் கோப்பு. வெப்பநிலை எவ்வளவு, காலப்படி எவ்வளவு, அணுக்களுக்கு இடையிலான விசையை எத்தனை நானோமீட்டர் தொலைவுவரை கணக்கிட வேண்டும் என்பதெல்லாம் அதில் வரிக்கு ஒன்றாக, பெயரும் மதிப்புமாக எழுதியிருக்கும். கோப்பு பத்தாண்டுப் பழையது, மென்பொருளோ புதிய பதிப்பு என்றால் அந்தப் பெயர்களை எவ்வளவு தூரம் நம்பலாம்? இதற்குச் சான்றுகளோடு விடை தேட ஏற்ற மென்பொருள் குரோமாக்ஸ். அதன் மூலநிரல் எல்லோருக்கும் திறந்திருக்கிறது; பெயர் மாற்றங்களும் அதிலேயே பதிவாகியுள்ளன.

குரோமாக்ஸுக்கு முந்தைய மரபிலிருந்து தொடங்க வேண்டும். 1957இல் ஐபிஎம் 704 கணினிக்காக வெளிவந்த ஃபோர்ட்ரான் மொழியில் மாறியின் பெயர் ஆறு எழுத்துகளைத் தாண்டக் கூடாது. அந்தக் கணினியின் நினைவக அலகு 36 பிட் கொண்டது. எழுத்துக்கு 6 பிட் வீதம் அதில் ஆறு எழுத்துகளே அடங்கும். ஆங்கிலத்தின் ஐ முதல் என் வரையான எழுத்துகளில் தொடங்கும் பெயர்கள் முழு எண்களையும், மற்றவை தசம எண்களையும் குறித்தன. ஆறெழுத்து வரம்பு ஃபோர்ட்ரான் 77 தரநிலையிலும் நீடித்தது. ஃபோர்ட்ரான் 90தான் அதை 31 ஆக உயர்த்தியது. மற்றொரு மூலக்கூறு இயக்கவியல் மென்பொருளான ஆம்பரின் உள்ளீட்டில் இந்தத் தடத்தை இன்றும் காணலாம். படிகளின் எண்ணிக்கையைக் குறிக்கும் 'என்எஸ்டிலிம்' முழு எண். 'கட்', 'டிடி', 'டெம்ப்0' ஆகியவை தசம எண்கள்.

ஆம்பர் பின்பற்றும் 'நேம்லிஸ்ட்' முறையில் நிரலின் மாறிப் பெயரே பயனர் எழுதும் அளவுருப் பெயர். ஆகவே நிரலுக்குள் ஒரு பெயரைத் திருத்தினால் உலகெங்கும் உள்ள பழைய உள்ளீடுகள் செயலிழக்கும். நிரல் அறியாத பெயர் கோப்பில் இருந்தால் ஓட்டம் நின்றுவிடும். அதே நேரம், ஒரு பெயர் கோப்பில் இல்லாவிட்டால் அதன் இயல்பு மதிப்பு எந்தச் சத்தமும் இல்லாமல் நடைமுறைக்கு வந்துவிடும். கேடு பெரும்பாலும் இந்த இரண்டாவது வழியில்தான் நுழைகிறது.

நெதர்லாந்தின் குரோனிங்கன் பல்கலைக்கழகத்தில் ஹெர்மன் பெரென்ட்சனின் குழு 1990களின் தொடக்கத்தில் உருவாக்கிய குரோமாக்ஸ், சி மொழியில் எழுதப்பட்டது. அதன் முதல் கட்டுரை 1995இல் வெளிவந்தது. பயனர் எழுதும் எம்டிபி கோப்பை 'குரோம்ப்' என்ற முன்செயலி படித்து, டிபிஆர் என்ற இருமக் கோப்பாக மாற்றித் தரும். கணக்கீட்டை நடத்தும் 'எம்டிரன்' அந்த இருமக் கோப்பை மட்டுமே பார்க்கும். இதனால் பெயர் மாற்றங்களைக் கையாள ஒரே வாசல் போதுமானதாயிற்று. நிரலில் அதற்கென்று ஒரு பட்டியல் உண்டு. சில பெயர்கள் காலாவதியானவை, புறக்கணிக்கப்படும். வேறு சில புதிய பெயரால் மாற்றப்படும். இரண்டையுமே குரோம்ப் பயனருக்கு அறிவித்துவிடும். முன்பின் தெரியாத பெயர் வந்தால் எச்சரிக்கும்.

'தலைப்பு' என்னும் பொருள்கொண்ட 'டைட்டில்' வரி நீக்கப்பட்டதில் அறிவியல் எதுவும் இல்லை. 'அன்கன்ஸ்ட்ரெயின்ட்-ஸ்டார்ட்' அப்படிப்பட்டதல்ல. அதை 'ஆம்' என்று வைத்தால் தொடக்க அமைப்பின் பிணைப்பு நீளங்கள் திருத்தப்படாமல் விடப்படும். பின்வரும் படிகளில் கட்டுப்பாடுகள் வழக்கம்போல் இயங்கும். ஆனால் பெயரைப் படிப்பவர், ஓட்டம் முழுவதும் கட்டுப்பாடு இல்லை என்று எண்ண இடமிருந்தது. பின்னர் அது 'கன்டினியூவேஷன்' ஆயிற்று. நின்ற கணக்கீட்டைத் தொடர்வதுதான் அதன் முதன்மைப் பயன் என்பதால், செயலைச் சொன்ன பெயர் போய் நோக்கத்தைச் சொல்லும் பெயர் வந்தது. இது நல்ல திருத்தம் என்பது என் கருத்து. 2014இல் வெளிவந்த 5.0 பதிப்பில் 'என்எஸ்டிஎக்ஸ்டிசிஅவுட்' என்ற பெயர் 'என்எஸ்டிஎக்ஸ்அவுட்-கம்ப்ரெஸ்டு' ஆனதற்குக் காரணம் வேறு. சுருக்கிய ஆயங்களை எழுத எக்ஸ்டிசி வடிவத்தோடு டிஎன்ஜி வடிவமும் வந்துவிட்டது. ஒரு வடிவத்தின் பெயரைச் சுமந்திருந்த அளவுரு பொதுப்பெயருக்கு மாறியது.

கட்டற்ற ஆற்றல் கணக்கீட்டில் இவ்வளவு எளிதாக முடியவில்லை. அமைப்பு ஒரு நிலையிலிருந்து மற்றொன்றுக்கு எவ்வளவு மாறியிருக்கிறது என்பதை அங்கே லாம்டா என்ற எண் குறிக்கும். பழைய 'ஃபாரின்-லாம்டா', ஓடும் நிலையைத் தவிர வேறு எந்த லாம்டா மதிப்புகளில் ஆற்றலைக் கணக்கிட வேண்டும் என்பதைச் சொன்னது. 4.6 பதிப்பில் அதன் இடத்துக்கு வந்த 'எஃப்இபி-லாம்டாஸ்', எல்லா நிலைகளின் பட்டியலாகவும் பயன்படக் கூடியது. ஓடும் நிலை எது என்பதை வரிசை எண்ணால் தனியாகச் சுட்டலாம். குரோம்பின் பெயர் மாற்றப் பட்டியல் பெயரை மாற்றித் தரும், ஆனால் பயனரின் சிந்தனை முறையை மாற்றித் தராது.

இவை எல்லாவற்றையும்விடக் கவனிக்க வேண்டியது பெயர் மாறாத ஓர் அளவுரு, 'ஆர்லிஸ்ட்'. அண்டை அணுக்களின் பட்டியலை எவ்வளவு தொலைவுவரை தயாரிப்பது என்பதை அது குறிக்கும். அந்தப் பட்டியலைக் கையாளும் பழைய 'குரூப்' முறையில் பயனர் எழுதிய மதிப்பே நேரடியாகச் செயல்பட்டது. பிஎம்இ மின்விசைக் கணக்கீட்டில் அது மின்விசையின் வெட்டுத் தொலைவுக்குச் சமமாக இருந்தாக வேண்டும். 2013இல் வந்த 4.6 பதிப்பு 'வெர்லே' முறையை அறிமுகப்படுத்தி, எந்த முறை என்று சொல்ல 'கட்ஆஃப்-ஸ்கீம்' என்ற அளவுருவையும் சேர்த்தது. அப்போது இயல்பு மதிப்பு 'குரூப்'. 5.0 பதிப்பில் இயல்பு மதிப்பு 'வெர்லே' ஆனது. அதன்கீழ், அனுமதிக்கப்பட்ட ஆற்றல் பிழையிலிருந்து ஆர்லிஸ்ட் தானாகவே கணக்கிடப்படுகிறது. பயனர் எழுதிய எண் வழக்கமான அமைப்பில் பயன்படுவதில்லை.

2010இல் எழுதிய கோப்பில் 'கட்ஆஃப்-ஸ்கீம்' வரி இருக்க வாய்ப்பே இல்லை, அப்படியோர் அளவுரு அன்று கிடையாது. அதே கோப்பை 5.0 பதிப்பிடம் கொடுத்தால் 'ஆர்லிஸ்ட் = 1.0' என்பது பிழையின்றிப் படிக்கப்படும். பெயர் மாற்றப் பட்டியலில் சிக்க அதில் ஒன்றுமில்லை. முறையோ வேறாகிவிட்டது. 2020 பதிப்பில் குரூப் முறை முற்றிலுமாக நீக்கப்பட்டதால், அதை வெளிப்படையாகக் கேட்கும் கோப்புக்குப் பிழைச் செய்தி கிடைக்கும். எதையும் சொல்லாத கோப்புக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை.

பிற்காலப் பதிப்புகளில் மின்புலம் போன்ற சில கூறுகளின் அளவுருக்கள், உள்ளே ஒரு மரக்கட்டமைப்பில் வைக்கப்படுகின்றன. எம்டிபி பெயர் மரத்தின் எந்த இடத்துக்குப் போகிறது என்பதற்குத் தனி விதி. பிழை நேர்ந்தால் அந்த இடத்திலிருந்து பயனர் எழுதிய பெயருக்குத் திரும்ப வரும் வழியும் உண்டு. தான் எழுதாத ஓர் உட்பெயரைப் பிழைச் செய்தியில் கண்டு பயனர் திகைக்க வேண்டியதில்லை. நேம்லிஸ்ட் காலத்தில் ஒன்றாகக் கிடந்த இரண்டு பெயருலகங்கள் இங்கே முழுதாகப் பிரிந்தன.

குரோம்ப் ஒவ்வொரு முறையும் 'எம்டிஅவுட்' என்ற கோப்பையும் எழுதுகிறது. பயனர் விட்டுவிட்ட அளவுருக்களும் அவற்றின் இயல்பு மதிப்புகளும் அதில் வந்துவிடும். வெளியாகும் ஆய்வுகளோடு எம்டிபி கோப்பை மட்டும் இணைப்பதைவிட இதை இணைப்பது எவ்வளவோ மேல். அதுவும் போதாது: எம்டிரன் ஓடத் தொடங்கும்போது வேகத்துக்காக அண்டைப் பட்டியலின் புதுப்பிப்பு இடைவெளியையும் அதோடு ஆர்லிஸ்ட் மதிப்பையும் மாற்றிக்கொள்ளக் கூடும். எந்த எண்ணிலிருந்து எந்த எண்ணுக்கு மாறியது என்பது ஓட்டத்தின் பதிவுக் கோப்பில் ஒரு வரியாக இருக்கும். அந்த எண்ணை எம்டிஅவுட் கோப்பில் தேடிப் பயனில்லை.