வன்னிக் காய்ச்சலும் வெப்ப அளவைகளும்

நகச்சூடு, இளஞ்சூடு, காங்கை, கொதி எனச் சூட்டின் படிநிலைகளைச் சொல்லால் வகுத்த தமிழர் அவற்றை எண்ணால் வகுத்திலர். வன்னிப் பெருநிலத்துப் பரியாரிமாரும் நெற்றியைத் தொட்டும் நாடியைப் பிடித்துமே சுரத்தைக் கணித்தனர். காடும் குளமும் மலிந்த அப்பிரதேசத்தில் மலேரியா நெடுங்காலம் நிலைகொண்டிருந்தமையால் அக்கணிப்பு உயிரோடு தொடர்புடையதாயிற்று. ஒன்றுவிட்டொருநாள் மீளும் காய்ச்சலை அதன் முறையே காட்டிக்கொடுத்துவிடும். அதற்கு எண் வேண்டியதில்லை. ஆயினும் குளிர் நடுக்கத்தின்போது தோல் குளிர்ந்திருக்க, உள்ளுடல் வெப்பமோ ஏறிக்கொண்டிருக்கும். தொட்டறியும் கை பிழைக்கும் இடம் இதுவே. வெப்பமானியின் தேவையும் இங்கேயே புலனாகிறது.

அக்கருவியோடு வன்னிக்கு வந்தது பரனைற்று அளவை. 1724 இல் பரனைற்று தமது அளவையை விளக்கியபோது உடல்வெப்பத்தையே ஒரு நிலைப்புள்ளியாகக் கொண்டு அதற்கு 96 என எண்ணிட்டார். 1742 இல் செல்சியஸ் கொண்டதோ நீரின் உறைநிலையும் கொதிநிலையுமாகும். வியப்பு யாதெனில், அவர் கொதிநிலைக்குச் சுழியும் உறைநிலைக்கு நூறும் இட்டமையே. பின்வந்தோரே அவ்வரிசையைத் தலைகீழாக்கினர்.

ஜே. பி. லூயிஸ் வன்னி மாவட்டங்கள் பற்றிய கைந்நூலை வெளியிட்ட 1895 இல் ஆட்சியாளரின் அளவை பரனைற்றே. அதற்கு ஏறத்தாழ முப்பதாண்டு முன்னரே, ஓரடி நீளமான மருத்துவ வெப்பமானியை ஆறங்குலமாகக் குறுக்கி, ஐந்து நிமிடத்தில் அளக்குமாறு செய்திருந்தார் ஆங்கில மருத்துவர் ஓல்பட். ஜேர்மானியரான வுண்டலிச் 1868 இல் இயல்பான உடல்வெப்பம் 37 பாகை செல்சியஸ் என்றார். அது 98.6 பாகை பரனைற்றுக்குச் சமன். ஆங்கிலேயர் வெப்பமானிகளிலோ அம்புக்குறி 98.4 இல் நின்றது. முழு எண்ணாகச் சொல்லப்பட்ட 37, மாற்றிக் கணித்தபோது பத்திலொரு பாகை வரை நுட்பமானது போலத் தோன்றியதேயன்றி, மனித உடல் அத்துணைக் கறாரானதன்று.

1970களில் இலங்கை மெற்றிக் முறைக்கு மாறியது. வானிலை அறிக்கைகள் செல்சியஸில் வெளிவரலாயின. பழைய பதிவுகளைப் புதியவற்றோடு ஒப்பிடும் ஆய்வாளர் இங்கு விழிப்பாயிருத்தல் வேண்டும். ஓரிடத்தின் வெப்பநிலையை மாற்றும்போது 32 ஐக் கழித்தல் வேண்டும்; வெப்பநிலை உயர்வை மாற்றும்போது கழித்தலாகாது. 2 பாகை பரனைற்று உயர்வு 1.1 பாகை செல்சியஸ் உயர்வே. இவ்வேறுபாட்டை மறந்தால் வன்னியின் காலநிலை வரலாறே திரிந்துவிடும்.

காய்ச்சலோ பழைய எண்களை எளிதில் விடவில்லை. வெயிலைச் செல்சியஸில் கேட்கும் வீட்டில் பிள்ளையின் காய்ச்சல் நூறு, நூற்றிரண்டு என எண்ணப்படுகிறது. 38 என்றால் நெஞ்சு பதறாத தாய், அதற்கு நிகரான 100.4 என்றதும் எழுந்துவிடுவாள். எந்த எண்ணில் அஞ்சப் பழகினோமோ அந்த எண்ணே நமக்குப் பொருள்தருவது போலும்! இலங்கையில் உள்நாட்டில் தொற்றிய இறுதி மலேரியா நோயாளி 2012 இல் பதிவானார். 2016 இல் உலக சுகாதார நிறுவனம் நாட்டை மலேரியா அற்றதெனச் சான்றளித்தது. வன்னியை வாட்டிய அக்காய்ச்சல் நீங்கிய பின்னரும் அதனை அளந்த எண்கள் நீங்கவில்லை.