பெயர் நீங்கிய எண்

எண்ணிக்கை என்றாலே சந்தேகப்படுகிறவன் நான். எண்ணப்படுகிறவன் மீது எண்ணுகிறவனுக்கு அதிகாரம் வந்துவிடுகிறது என்பதை ஃபூக்கோ வந்துதான் சொல்ல வேண்டுமென்றில்லை. ரேஷன் கடை வரிசையில் நின்றாலே போதும். ஆனால் அமெரிக்கக் கல்லூரி மாணவர்களின் வாக்களிப்பை அளந்த கதை என் சந்தேகத்தைக் கொஞ்சம் குழப்பிவிட்டது.

1971இல் 26ஆவது அரசியல் சட்டத் திருத்தம் 18 வயதினருக்கு வாக்குரிமை தந்தது. டெக்சாஸின் வாலர் கவுண்டியில் ப்ரெய்ரி வ்யூ என்ற கறுப்பினக் கல்லூரி இருக்கிறது, 1876இல் உருவானது. வாக்காளராகப் பதியப்போன அதன் மாணவர்களிடம் பதிவு அதிகாரி ஒரு கேள்வித்தாளை நீட்டினார். இங்கே சொந்த வீடு உண்டா? கார் இந்த கவுண்டியில் பதிவாகியிருக்கிறதா? எந்தச் சர்ச்சில் சேர்ந்திருக்கிறாய்? படிப்பு முடிந்ததும் என்ன உத்தேசம்? ஓட்டுப் போட வந்தவனிடம் கேட்கிற கேள்வியாய்யா இது? 'மாணவன்' என்கிற அடையாளமே விலக்கும் கருவியாகிவிட்டது. 1979இல் உச்ச நீதிமன்றம் இந்த நடைமுறைக்கு எதிரான தீர்ப்பை உறுதிசெய்தது.

இதற்கிடையே, 1974இல் வந்த ஃபெர்பா சட்டம் மாணவர் ஆவணங்களுக்குப் பூட்டுப் போட்டிருந்தது. வாக்களிப்பு விஷயமோ வேறு. அங்கே யாருக்கு ஓட்டுப் போட்டார் என்பதுதான் ரகசியம். போட்டாரா இல்லையா என்பது பொது ஆவணம். நம்மூர் பூத் ஏஜென்ட் பட்டியலில் டிக் அடித்துக்கொண்டிருப்பாரே, அதை அரசே வைத்திருப்பதாக நினைத்துக்கொள்ளலாம்.

பூட்டிய ஆவணத்தையும் திறந்த ஆவணத்தையும் டஃப்ட்ஸ் பல்கலைக்கழகம் 2013இல் தொடங்கிய ஆய்வு சேர்த்துவைத்தது. கல்லூரிகளின் சேர்க்கை விவரங்களைத் திரட்டிவைத்திருக்கும் நேஷனல் ஸ்டூடண்ட் கிளியரிங்ஹவுஸ் வழியாகப் பொருத்தல் நடந்தது. ஆய்வாளர் கைக்கு வந்தது பெயர் நீக்கிய கோப்பு. கல்லூரிக்குப் போனது மொத்தக் கணக்கு மட்டும். 2014இல் சுமார் 19 சதவீதம் வாக்களித்திருந்தார்கள், 2018இல் 40, 2020இல் 66. வாலர் அதிகாரிக்கு ஒவ்வொரு முகமும் தேவைப்பட்டது. இந்த ஆய்வோ முகம் தெரியாமலிருப்பதையே நிபந்தனையாக்கிக்கொண்டது. எண்ணுவதெல்லாம் கண்காணிப்புத்தான் என்கிற நம் வாய்ப்பாடு இங்கே சரியாகப் பொருந்தவில்லை.

எனக்கு உறுத்துவது வேறொன்று. பெயரை நீக்குவது பொருத்திய பிறகுதான். அதற்கு முன் ஏதோ ஓர் இயந்திரத்தில் பெயரும் ஓட்டுப் போட்ட செய்தியும் அருகருகே கிடந்திருக்கின்றன. சம்மதித்தது கல்லூரி, மாணவரிடம் தனித்தனியாக யாரும் கேட்கவில்லை. 'என் விவரத்தை வெளியே தராதே' என்று முன்பே எழுதிக்கொடுத்தவர்களைப் பொருத்தலிலேயே சேர்க்கவில்லை, அது நியாயம். அதனால் அப்படி எழுதிக்கொடுத்தவர் வரிசையில் நின்று ஓட்டுப் போட்டிருந்தாலும், அவர் கல்லூரிக்கு வந்த சதவீதத்தில் அவர் இல்லை.